தொழிற்சாலைக் கணிப்பொறியில் செயலியும் நினைவகமும்

தொழிற்சாலைக்கோ மின்நிலையத்திற்கோ கணிப்பொறி வாங்க முற்படுவோர் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பர். செயலியின் வேகம் என்ன என்பது ஒன்று. நினைவகத்தின் கொள்ளளவு என்ன என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே தரவுகள் எவ்வாறு போய் வருகின்றன என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும், ஆய்வுக்கூடத்தில் வேகமாக ஓடிக் காட்டிய பொறி, உருட்டாலையிலோ அச்சாலையிலோ பொருத்தப்பட்டபின் சில வேளைகளில் திடீரெனத் தயங்கி நிற்பதற்குரிய காரணத்தைப் பெரும்பாலும் இந்த மூன்றாவது கேள்வியில்தான் காணலாம். செயலியின் அமைப்பு நினைவகத்தின் வேகத்தை எவ்வாறு நிர்ணயிக்கிறது என்பதையும், அதனால் களத்தில் பணிபுரிவோர் எவற்றைக் கவனிக்கவேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

ஒரே நடையில் சென்ற காலம்

பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய டிஃப்ராக் என்னும் கணிப்பொறி 1960-ஆம் ஆண்டில் பணியைத் தொடங்கியது. அதன் நினைவகம் சிறு ஃபெரைட் வளையங்களால் ஆனது. ஒவ்வொன்றும் 40 பிட் கொண்ட 2048 சொற்களை அது தாங்கியது. இன்றைய அளவையில் சொன்னால் 10 கிலோபைட் மட்டுமே. ஒவ்வொரு வளையமும் வலமாகவோ இடமாகவோ காந்தமேற்றப்பட்டு, ஒன்று அல்லது பூஜ்யம் என்னும் குறியை ஏந்தி நின்றது.

அக்காலப் பொறிகளில் செயலியும் நினைவகமும் ஏறத்தாழ ஒரே நடையில் சென்றன. நினைவகத்திலிருந்து ஒரு சொல்லை எடுக்க ஆகும் நேரமும், அதைக் கூட்டவோ கழிக்கவோ ஆகும் நேரமும் பெரிதும் வேறுபடவில்லை. ஆகவே, ஒரு கட்டளை நினைவகத்தை எத்தனை முறை நாடுகிறது என்று எண்ணினாலே, அது முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சொல்லிவிடலாம். கட்டளைகளும் தரவுகளும் ஒரே நினைவகத்தில் இருந்து ஒரே பாதையில் வரவேண்டும் என்னும் இந்த ஏற்பாடு, 1945-இல் ஜான் ஃபான் நாய்மன் எழுதிய அறிக்கையின் மூலம் உலகெங்கும் பரவியது. கட்டளைக்கு ஒரு வழி, தரவுக்கு ஒரு வழி என்று பிரித்து வைக்கும் வேறோர் ஏற்பாடும் உண்டு. 1944-இல் இயங்கத் தொடங்கிய ஹார்வர்டு மார்க் ஒன்று என்னும் பொறியின் பெயரால் அது ஹார்வர்டு அமைப்பு எனப்படுகிறது. சிறு கட்டுப்பாட்டுச் சில்லுகள் பலவற்றில் இன்றும் அவ்வமைப்பைக் காணலாம்.

ஒற்றைப் பாதையில் செல்லும் பொறிக்கு ஓர் இயல்பான குறை உண்டு. வேறு யாராவது அப்பாதையில் புகுந்துவிட்டால், செயலி காத்து நிற்கவேண்டும். இது சிறு குறைபோலத் தோன்றும். எவ்வளவு பெரிய விளைவை அது உண்டாக்கக்கூடும் என்பதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு.

நிலவில் இறங்கிய வேளையில்

1969-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் அப்போலோ 11 விண்கலத்தின் இறங்கு ஊர்தி நிலவை நோக்கித் தாழ்ந்துகொண்டிருந்தது. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் அதன் வழிகாட்டும் கணிப்பொறி 1202 என்னும் எச்சரிக்கை எண்ணைக் காட்டிற்று. தரை இறங்கும் முன்பாக அவ்வெச்சரிக்கை மீண்டும் மீண்டும் வந்தது. ஒருமுறை 1201 என்னும் எண்ணும் தோன்றியது. இறங்குவதா, திரும்புவதா என்பதைப் பூமியில் இருந்தோர் சில விநாடிகளில் முடிவு செய்யவேண்டியிருந்தது.

அக்கணிப்பொறி தொழிற்சாலைக்கென அமைந்ததன்று. எனினும், வெளியிலுள்ள கருவிகளிலிருந்து அளவுகளைப் பெற்று, குறித்த காலக்கெடுவுக்குள் கணக்கிட்டு, உடனே ஒரு யந்திரத்தை இயக்கவேண்டும் என்னும் கடமையில் அது தொழிற்சாலைக் கணிப்பொறியின் இனத்தைச் சேர்ந்ததே. மாற்றி எழுதத்தக்க அதன் நினைவகமும் டிஃப்ராக்கைப் போலவே 2048 சொற்கள் கொண்டது. நினைவகத்தை ஒருமுறை நாட 11.7 மைக்ரோ விநாடி ஆயிற்று. இரண்டு எண்களைக் கூட்ட அத்தகைய இரண்டு சுற்றுகள் தேவைப்பட்டன.

வெளிக் கருவிகளிலிருந்து வரும் துடிப்புகளை எண்ணுவதற்கு அப்பொறியில் தனி எண்ணிகள் அமைக்கப்படவில்லை. நினைவகத்தின் சில அறைகளே எண்ணிகளாக உபயோகப்பட்டன. ஒரு துடிப்பு வந்தால், நடந்துகொண்டிருக்கும் வேலை ஒரு நினைவகச் சுற்று நின்று வழிவிடும். அச்சுற்றில் அறையிலுள்ள எண் ஒன்று கூட்டப்படும். பின்னர் வேலை தொடரும். இதனைச் சுற்றுக் களவு என்று பொறியாளர் அழைப்பர். எடையையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்த இது மிகச் சிறந்த ஏற்பாடு.

அன்று நடந்தது இதுதான். இறங்குவதற்குத் தேவையில்லாத ஒரு ராடார் இயங்கும் நிலையில் வைக்கப்பட்டிருந்தது. அதற்கு வந்த மின்னோட்டத்தின் அலைநிலை, கணிப்பொறியின் அலைநிலையோடு ஒத்திசையவில்லை. அதன் பயனாக ராடாரின் இரண்டு கோண அளவிகள், உண்மையில் அசைவு எதுவுமின்றியே, துடிப்புகளை இடைவிடாது அனுப்பின. உச்ச அளவில் ஒவ்வோர் அளவியும் விநாடிக்கு 6400 துடிப்புகள் அனுப்பும். இரண்டும் சேர்ந்து 12,800. ஒவ்வொன்றும் 11.7 மைக்ரோ விநாடியைப் பறித்தால், விநாடிக்கு 0.15 விநாடி போய்விடுகிறது. அதாவது கணிப்பொறியின் காலத்தில் ஏறத்தாழ 15 சதவீதம்.

வழிகாட்டும் பிரதான வேலை இரண்டு விநாடிக்கு ஒருமுறை தொடங்கி, அடுத்த இரண்டு விநாடி வருமுன் முடியவேண்டும். கையிருப்பில் இருந்த சிறிது ஓய்வு நேரமும் களவு போனபின், முந்தைய வேலை முடியாமல் இருக்கையிலேயே அடுத்தது தொடங்கிற்று. முடியாத வேலைகள் நினைவகத்தில் தேங்கின. புதிய வேலைக்கு இடமில்லாதபோது எச்சரிக்கை எழுந்தது. நல்லூழாக, அப்பொறியின் நிரல்கள் இத்தகைய நெருக்கடியை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு தடவையும் அது தன்னை மறுபடி தொடக்கிக்கொண்டு, இன்றியமையாத வேலைகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஊர்தி பத்திரமாக இறங்கியது.

இந்நிகழ்ச்சியில் கணக்குப் பிழை எதுவும் இல்லை; செயலி பழுதுபடவும் இல்லை. செயலிக்கும் நினைவகத்திற்கும் இடையிலுள்ள பாதையை மற்றொரு கருவி பகிர்ந்துகொண்டது, அவ்வளவே. இன்றைய தொழிற்சாலைக் கணிப்பொறியிலும் இதே நிலைமை வேறு உருவத்தில் இருப்பதை இனிக் காண்போம்.

நடை பிரிந்தது

1966-இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு, ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு சிறு மின்தேக்கியும் கொண்டு ஒரு பிட்டைச் சேமிக்கும் முறையைக் கண்டறிந்தார். 1970-இல் இன்டெல் நிறுவனம் 1024 பிட் கொண்ட நினைவகச் சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் நினைவகத்தின் கொள்ளளவு மிக வேகமாக வளர்ந்தது. ஆனால் ஒரு சொல்லை எடுக்க ஆகும் நேரம் அதே வேகத்தில் குறையவில்லை. செயலியோ ஆண்டுதோறும் விரைந்து முன்னேறியது. ஒன்றாக நடந்த இருவருள் ஒருவர் ஓடத் தொடங்க, மற்றவர் பின்தங்கினார்.

நினைவகம் பின்தங்குவதற்கு அதன் அமைப்பே காரணம். மின்தேக்கியிலுள்ள மின்னேற்றம் மிகச் சிறியது. அதை அறிய, ஒரு வரிசை முழுவதையும் முதலில் திறந்து, பெருக்கிகளில் ஏற்றவேண்டும். பின்னர் அவ்வரிசையில் வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். வேறு வரிசை வேண்டுமானால் திறந்ததை முதலில் மூடவேண்டும். இன்று பரவலாக உள்ள டிடிஆர்4 வகையில், வினாடிக்கு 3200 மில்லியன் மாற்றங்கள் செய்யும் சாதாரணத் தகட்டில், இம்மூன்று படிகள் ஒவ்வொன்றுக்கும் சுமார் 14 நானோ விநாடி ஆகிறது. திறந்துள்ள வரிசையிலேயே வேண்டியது இருந்தால் 14. மூடித் திறக்கவேண்டுமானால் 41. போக்குவரத்து நேரத்தையும் சேர்த்தால், செயலி கேட்டதற்கும் விடை வந்து சேர்வதற்கும் இடையே 80 முதல் 100 நானோ விநாடி வரை ஆவது சாதாரணம். விநாடிக்கு 300 கோடித் துடிப்புகள் கொண்ட செயலிக்கு இது ஏறக்குறைய 300 துடிப்புகளின் காத்திருப்பு.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே கேஷ் எனப்படும் சிறு நினைவகம். மறைத்து வைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. இக்கருத்தை 1965-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். 1968-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 360 வரிசையின் 85-ஆம் மாதிரி, 16 கிலோபைட் கேஷுடன் வந்தது. பெரிய நினைவகத்தை நாட அப்பொறியில் சுமார் ஒரு மைக்ரோ விநாடி ஆக, செயலியின் துடிப்போ 80 நானோ விநாடியாக இருந்தது.

இன்றைய செயலிகளில் கேஷ் பெரும்பாலும் மூன்று படிகளாக அமைந்துள்ளது. ஓர் அலுவலகத்தை இதற்கு உவமை கூறலாம். மேஜைமீது விரித்து வைத்த கோப்பு முதற்படி. அருகிலுள்ள அலமாரி இரண்டாம் படி. அலுவலகம் முழுவதற்கும் பொதுவான பதிவேட்டறை மூன்றாம் படி. தெருக்கோடியிலுள்ள கிடங்கு பெரிய நினைவகம். மேஜையிலிருந்து எடுக்க ஒரு விநாடி ஆகும் என்று கொண்டால், அலமாரிக்கு மூன்று விநாடியும், பதிவேட்டறைக்குப் பத்து விநாடியும், கிடங்குக்கு ஒரு நிமிஷமும் ஆகும் என்பது உண்மை விகிதத்திற்கு அண்மையான கணக்கு.

சராசரியும் உச்ச வரம்பும்

கேஷின் பயனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். கேஷில் கிடைத்தால் 2 நானோ விநாடி, கிடைக்காமற்போனால் 100 நானோ விநாடி என்று வைத்துக்கொள்வோம். நூறு முறையில் 99 முறை கேஷிலேயே கிடைத்தால் சராசரி நேரம் ஏறக்குறைய 3 நானோ விநாடி. 95 முறை கிடைத்தால் 6.9. 90 முறை மட்டும் கிடைத்தால் 11.8. பத்தில் ஒன்று தவறினால் சராசரி வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

அலுவலகக் கணக்குகளுக்கு இச்சராசரி போதும். சம்பளப் பட்டியல் நான்கு விநாடியில் முடிந்தால் என்ன, ஐந்து விநாடியில் முடிந்தால் என்ன? தொழிற்சாலைக் கட்டுப்பாட்டில் நிலைமை வேறு. ஒரு மோட்டாரின் வேகத்தை ஒவ்வொரு 250 மைக்ரோ விநாடிக்கும் திருத்தவேண்டும் என்றால், பதினாயிரம் முறை சரியாகச் செய்து ஒருமுறை தவறினாலும் அது தவறுதான். ஓடும் காகிதச் சுருள் அறுவதற்கும், இரு யந்திரங்களின் இணக்கம் கெடுவதற்கும் அந்த ஒருமுறை போதும்.

அத்தகைய வேலை ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் 3000 வெவ்வேறு இடங்களிலிருந்து தரவையும் கட்டளையையும் எடுக்கிறது என்று உதாரணத்திற்குக் கொள்வோம். எல்லாம் கேஷில் இருந்தால் 6 மைக்ரோ விநாடியில் முடிந்துவிடும். எதுவும் கேஷில் இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய நினைவகத்திலிருந்து வரவேண்டுமானால் 300 மைக்ரோ விநாடி ஆகும். ஒரே செயலி, ஒரே நிரல், ஒரே கணக்கு. நேரம் மட்டும் ஐம்பது மடங்கு. 250 மைக்ரோ விநாடி என்னும் கெடு மீறப்படுகிறது. கேஷின் தன்மையே இது: சராசரியைக் குறைக்கும், உச்ச வரம்பைக் குறைக்காது.

செயலியின் வேகத்தை மட்டும் உயர்த்தி இக்குறையை நீக்க முடியாது. இரட்டிப்பு வேகமுடைய செயலியை வைத்தாலும், கிடங்குக்குப் போய்வரும் நேரம் அப்படியே இருக்கும்.

பொதுக் கிடங்கைப் பலர் பகிர்தல்

இன்றைய சில்லு ஒன்றில் நான்கு, எட்டு எனப் பல கோர்கள் உள்ளன. முதலிரு படிகள் பெரும்பாலும் ஒவ்வொரு கோருக்கும் தனியுடைமை. மூன்றாம் படியும் நினைவகப் பாதையும் பொதுவுடைமை. ஆகவே மோட்டாரைக் கட்டுப்படுத்தும் நிரலைத் தனிக் கோரில் வைத்துவிட்டோம் என்று நிம்மதி கொள்வதற்கில்லை. பக்கத்துக் கோரில் ஓடும் திரைக்காட்சி நிரலோ, அறிக்கை தயாரிக்கும் நிரலோ மூன்றாம் படியில் தன் தரவுகளை நிரப்பி, கட்டுப்பாட்டு நிரலின் தரவுகளை வெளியே தள்ளிவிடக்கூடும்.

கோர்கள் மட்டுமல்ல, வெளிக் கருவிகளும் பங்கு கேட்கின்றன. வலைப்பின்னல் அட்டை, சேமிப்புத் தட்டு, காமிரா முதலியவை செயலியை நாடாமல் நேரே நினைவகத்தில் எழுதுகின்றன. அப்போலோவின் சுற்றுக் களவு பெருகிய வடிவில் இங்கே நிகழ்கிறது. ஐம்பது லட்சம் புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைக் காமிரா, புள்ளிக்கு ஒரு பைட் வீதம் விநாடிக்கு 60 படங்கள் அனுப்பினால், அது 300 மெகாபைட். எட்டுக் காமிராக்களுக்கு 2400 மெகாபைட். ஒவ்வொரு படமும் எழுதப்பட்டு, படிக்கப்பட்டு, திருத்தி எழுதப்பட்டு, மீண்டும் படிக்கப்பட்டால், நினைவகப் பாதையில் விநாடிக்கு 9600 மெகாபைட் ஓடுகிறது. இது எவ்வளவு பெரிய பங்கு என்பதை அறியப் பாதையின் அகலத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

பாதைகளின் எண்ணிக்கை

நினைவகத்தை ஆளும் சுற்று முற்காலத்தில் செயலிக்கு வெளியே தனிச் சில்லாக இருந்தது. 2003-இல் ஏஎம்டி நிறுவனம் தன் ஆப்டெரான் செயலியில் அதை உள்ளேயே அமைத்தது. 2008-இல் இன்டெல் நிறுவனமும் தன் நெஹலம் வகைச் செயலியில் அவ்வாறே செய்தது. இதனால் தாமதம் குறைந்தது. அதேசமயம், எந்த வகைத் தகட்டை எத்தனை பாதையில் எவ்வளவு வேகத்தில் பொருத்தலாம் என்பதும் செயலியைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

மேற்கூறிய டிடிஆர்4 வகையில் ஒரு பாதை 64 பிட், அதாவது 8 பைட் அகலமுடையது. 3200 மில்லியனை எட்டால் பெருக்கினால், விநாடிக்கு 25.6 கிகாபைட். இரண்டு பாதைகள் இருந்தால் 51.2. இரு பாதைகளுள்ள பொறியில் 16 கிகாபைட் கொண்ட ஒரே தகட்டைப் பொருத்தினால், ஒரு பாதை வெறுமையாகக் கிடக்கும். 8 கிகாபைட் வீதம் இரண்டு தகடுகளை உரிய இரு குழிகளில் பொருத்தினால், அதே கொள்ளளவுக்கு இருமடங்கு ஓட்டம் கிடைக்கும். முன்சொன்ன எட்டுக் காமிராக்கள் ஒற்றைப் பாதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கிவிடும். இரு பாதைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எடுக்கும். விலைப்பட்டியலில் தகடுகளின் எண்ணிக்கையைக் குறிப்பிடாமல் கொள்ளளவை மட்டும் எழுதினால் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒரு விஷயத்தை நினைவில் இருத்தவேண்டும். பாதைகள் கூடினால் ஓட்டத்தின் அளவு கூடும். ஒரு தனிச் சொல் வந்து சேரும் நேரம் குறையாது. நான்கு வழிச் சாலையில் அதிக வண்டிகள் செல்லலாம்; ஆனால் காலியான சாலையில் ஒரு வண்டி ஊர்போய்ச் சேரும் நேரம் மாறாது.

வெப்பமும் பிழையும்

மின்தேக்கிகளிலுள்ள மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே எல்லா வரிசைகளையும் 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை திறந்து புதுப்பிக்கவேண்டும். இதனை 8192 தவணைகளாகப் பிரித்து, 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒரு தவணையாகச் செய்கின்றனர். 8 கிகாபிட் கொண்ட டிடிஆர்4 சில்லில் ஒரு தவணைக்கு 350 நானோ விநாடி ஆகிறது. அப்போது நினைவகம் வேறு பணி செய்யாது. காலத்தில் இது சுமார் 4.5 சதவீதம்.

சில்லின் வெப்பநிலை 85 பாகையைத் தாண்டினால் கசிவு மிகுவதால், தவணைகளை இருமடங்காக்கவேண்டும். அப்போது 9 சதவீதக் காலம் புதுப்பித்தலுக்கே போய்விடுகிறது. தூசுக்கு அஞ்சி விசிறியின்றி மூடிய பெட்டியில், உலைக்கு அருகே, கோடை நண்பகலில் இயங்கும் பொறியில் இந்நிலை நேர்வது அரிதன்று. காலையில் கெடுவைக் காத்த பொறி பிற்பகலில் தவறுமானால், நிரலைக் குறைகூறுமுன் பெட்டியின் உள்வெப்பத்தை அளந்து பார்ப்பது நலம்.

சேமித்த பிட் தானே மாறிவிடுவதும் உண்டு. சில்லின் உறையிலுள்ள சிறு கதிரியக்கத்தால் வெளிப்படும் ஆல்ஃபா துகள்கள் இதைச் செய்யக்கூடும் என்று 1978-இல் இன்டெல் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் மே, வுட்ஸ் ஆகியோர் காட்டினர். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் ஒரு காரணம். இதற்கு மாற்று, பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ஹாமிங் 1950-இல் வெளியிட்ட பிழைதிருத்தும் குறிமுறையிலிருந்து வளர்ந்ததாகும். 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாகச் சேர்த்து 72 பிட்டாகச் சேமித்தால், ஒரு பிட் பிழையைத் திருத்தலாம். இரண்டு பிட் பிழையைக் கண்டுபிடிக்கலாம். இவ்வசதியுள்ள தகட்டை வாங்கினால் மட்டும் போதாது. செயலியினுள் இருக்கும் ஆளும் சுற்றும், தாய்ப்பலகையும் அதை ஏற்கவேண்டும். ஆண்டுக்கணக்கில் நிறுத்தாமல் ஓடவேண்டிய பொறிக்கு இஃது ஆடம்பரமன்று.

உள்ளமைப்பை அறிதல்

உச்ச வரம்பைக் கட்டுக்குள் வைக்கச் செயலி அமைப்பாளர்கள் சில வழிகளைக் கையாள்கின்றனர். ஒன்று, செயலியை ஒட்டி ஒரு தனி நினைவகத்தை வைத்து, அதில் எது இருக்கவேண்டும் என்பதை நிரலாளரே தீர்மானிக்கும்படி விடுவது. ஆர்ம் நிறுவனத்தின் கார்டெக்ஸ் ஆர் வகைச் செயலிகளில் இத்தகைய ஏற்பாடு உண்டு. அங்கே வைத்தது எப்போதும் ஒரே நேரத்தில் கிடைக்கும். கிடைக்குமோ கிடைக்காதோ என்னும் ஐயம் இல்லை. மற்றொன்று, பொதுவான கேஷைப் பங்கிட்டு, கட்டுப்பாட்டு நிரலுக்கென ஒரு பகுதியை ஒதுக்குவது. சில இன்டெல் செயலிகளில் இவ்வசதி உள்ளது. மூன்றாவது, கட்டளைகளை எழுதிய வரிசைப்படியே நடத்தும் எளிய செயலியைத் தேர்ந்தெடுப்பது. வரிசையை மாற்றி முன்கூட்டியே நடத்தும் செயலி சராசரியில் வேகமுடையது. எளிய செயலியின் நேரத்தையோ காகிதத்தில் கணக்கிடுவது எளிது.

இவ்வகையில் நம் நாட்டு முயற்சிகளும் கருதத்தக்கவை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார், யாவரும் உபயோகிக்கத்தக்க ரிஸ்க் ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டு சக்தி என்னும் செயலிக் குடும்பத்தை உருவாக்கினர். அதன் முதற் சில்லுகள் 2018-இல் இயங்கின. அதில் சிறு கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கென அமைந்த வகையில் கட்டளைகள் வரிசைப்படி நடைபெறுகின்றன. அதன் வடிவமைப்பு வெளிப்படையாக வெளியிடப்பட்டிருப்பதால், நினைவகத்தை நாடும் ஒவ்வொரு படியையும் பொறியாளர் நேரில் ஆராயலாம். உள்ளே நடப்பது மறைவாக உள்ள சில்லில் உச்ச வரம்பை அளந்து ஊகிக்கத்தான் முடியும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இவ்வுண்மையைப் பள்ளிக் கணிப்பொறியிலேயே காட்டலாம். சி மொழியில் பதினாயிரம் வரிசையும் பதினாயிரம் பத்தியும் கொண்ட ஓர் எண் அட்டவணையை அமைத்து நிரப்புக. ஓர் எண்ணுக்கு 4 பைட் வீதம் இது 400 மெகாபைட் பிடிக்கும். எல்லா எண்களையும் முதலில் வரிசை வரிசையாகவும், பின்னர் பத்தி பத்தியாகவும் கூட்டி, இரண்டுக்கும் ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்க. கம்பைலர் தானே வரிசையை மாற்றிவிடாதபடி அதன் சீராக்கத்தை நிறுத்தி வைத்தல் வேண்டும்.

இரு முறையிலும் கூட்டுத்தொகை ஒன்றே. கூட்டல்களின் எண்ணிக்கையும் ஒன்றே. ஆயினும் இரண்டாம் முறை பெரும்பாலும் பல மடங்கு அதிக நேரம் எடுக்கும். நினைவகத்திலிருந்து தரவு 64 பைட் கொண்ட கட்டாக வருகிறது. அதில் 16 எண்கள் அடங்கும். வரிசையாகச் சென்றால் ஒரு கட்டு 16 கூட்டல்களுக்கு உதவும். பத்தியாகச் சென்றால் ஒவ்வொரு கூட்டலுக்கும் வேறு கட்டு தேவை. முதற் கட்டுக்கு மீண்டும் திரும்புமுன் பதினாயிரம் கட்டுகள், அதாவது 640 கிலோபைட், கடந்து போயிருக்கும். சில பத்துக் கிலோபைட்டே கொண்ட முதற்படி அதைத் தாங்காது. அட்டவணையை நூறு வரிசை, நூறு பத்தியாகக் குறைத்துப் பலமுறை கூட்டிப் பார்த்தால் வேறுபாடு பெரிதும் மறைந்துவிடுவதையும் மாணவர்கள் காண்பர். ஏன் மறைந்தது என்பதை அவர்களே சொல்லும்படி விடுவது சிறந்த பாடமாகும்.

கள ஊழியரின் கவனத்திற்கு

பொறியை வாங்கும்போதும் பொருத்தும்போதும் பின்வருவனவற்றைக் கேட்டறிதல் நலம்.

முதலாவது, வேலையின் கெடு எவ்வளவு, அது ஒருமுறை தவறினால் என்ன நேரும் என்பதை எழுத்தில் குறித்துக்கொள்ளவேண்டும். கெடு இல்லாத வேலைக்கு மேற்கூறியவற்றிற் பல தேவையில்லை.

இரண்டாவது, செயலி எத்தனை நினைவகப் பாதைகளை உடையது, அவை யாவும் தகடுகளால் நிரப்பப்பட்டுள்ளனவா என்பதைப் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும்.

மூன்றாவது, பிழைதிருத்தும் வசதியைச் செயலி, தாய்ப்பலகை, தகடு ஆகிய மூன்றும் ஏற்கின்றனவா என்று விசாரிக்கவேண்டும். மூன்றில் ஒன்று இல்லையெனினும் பயனில்லை.

நான்காவது, கட்டுப்பாட்டு நிரலோடு வேறு எந்த நிரல்கள் ஓடும், எந்தக் கருவிகள் நேரே நினைவகத்தில் எழுதும் என்று பட்டியலிடவேண்டும். பின்னாளில் ஒரு காமிராவைச் சேர்த்தால் பட்டியலையும் திருத்தி, சோதனையையும் மறுபடி நடத்தவேண்டும்.

ஐந்தாவது, சோதனையில் சராசரியைக் குறிப்பதோடு நில்லாமல், மிக நீண்ட தாமதத்தையும் குறிக்கவேண்டும். எல்லா நிரல்களும் ஓட, எல்லாக் கருவிகளும் இயங்க, பெட்டி மூடியிருக்க, வெப்பம் மிகுந்த வேளையையும் உட்படுத்தி ஓர் இரவும் பகலுமாவது சோதனை நடக்கவேண்டும். வெறும் பொறியைக் குளிர்ந்த அறையில் பத்து நிமிஷம் ஓட்டிப் பெற்ற எண், விற்பவருக்கு உதவலாம். யந்திரத்தின் அருகே நிற்கும் தொழிலாளிக்கு உதவாது.

கெடுவுக்கும் கண்டறிந்த மிக நீண்ட தாமதத்திற்கும் இடையே தாராளமான இடைவெளி இருந்தால் மட்டுமே பொறியை ஏற்கலாம். அப்போலோ கணிப்பொறியில் ஏறத்தாழ 15 சதவீதம் களவு போயிற்று. அதைத் தாங்கும் கையிருப்பு அதனிடம் இல்லை. நெருக்கடியில் எதை விடவேண்டும், எதை விடலாகாது என்பதை முன்னரே தீர்மானித்து நிரலில் எழுதி வைத்திருந்ததால்தான் அது பிழைத்தது. நமது நிலையங்களிலும் அத்தீர்மானத்தைப் பொறி ஓடத் தொடங்குமுன்பே செய்து, எல்லோரும் காணும்படி எழுதி வைத்தல் வேண்டும்.